நாரை சொல்லாத பெயர்

பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஹங்கேரி நாட்டில் செங்கால் நாரையின் குரலுக்கு ஈடாக வேறு குரல் கிடையாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாகப்போகும் அரசர் தனக்குப் பின் யார் என்பதை நாரையின் காதில் மட்டும் சொல்வார். முடிசூட்டு நாளில் அது தேவாலயக் கூரையில் நின்று அந்தப் பெயரைக் கூவும். அதுவரை யாரிடமும் மூச்சு விடாது.

அரசர் ஓஷ்வாத்துக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. "எனக்குப் பிறகு நீதான்டா" என்று தம்பி திவாதாரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். திவாதாரும் அண்ணனுக்காகப் போர்க்களம் போர்க்களமாக அலைந்தான், ஒரு கண்ணையே பறிகொடுத்தான். கடைசியில் பார்த்தால், தலை நரைத்த வயதில் அரசருக்கு ஒரு மகன் பிறந்தான்.

திவாதாருக்கு வயிறு எரிந்தது. தொட்டிலைப் பார்த்தால் எரிந்தது, குழந்தை சிரித்தால் இன்னும் எரிந்தது. 'பால்மணம் மாறாத இந்தப் பயலுக்காகவா நான் கண்ணைக் கொடுத்தேன்?' என்று பொருமினான். அண்ணன் பிள்ளையைக் கொஞ்சத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒருநாள் அரசர் படுத்த படுக்கையானார். நாரையை அழைத்து அதன் காதில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

வெளியே வந்த நாரையைத் திவாதார் மறித்தான். "யார் பெயர்? அந்தப் பொடியன்தானே?"

"கூரையில் நின்றுதான் சொல்வேன், இளவரசே. கொஞ்சம் பொறுங்களேன்" என்று நாரை சிரித்தது.

நல்ல மனதோடுதான் சிரித்தது. வயிறு எரிகிறவனுக்கு அது எங்கே புரியும்? தன்னை நக்கலடிப்பதாக எடுத்துக்கொண்டான். "நீ எப்படிச் சொல்கிறாய் என்று பார்க்கிறேன்!" என்று அதன் கழுத்தைப் பிடித்து, கத்தியை உருவி, நாக்கை அறுத்தெறிந்தான்.

முடிசூட்டு நாளும் வந்தது. நாரை கூரையில் ஏறி நின்று தலையைப் பின்னால் சாய்த்தது. குரல் வரவில்லை. அலகுதான் 'டகடக'வென்று அடித்துக்கொண்டது. ஊரே திகைத்து நிற்க, அது கீழே பறந்து வந்தது. வாசலில் குழந்தையோடு வைத்திருந்த தொட்டிலைத் தாண்டிப் போய்த் திவாதாரின் முன்னால் நின்று, அவன் மார்பைத் தொட்டுத் தொட்டு அலகைத் தட்டியது.

அவன் ஓரடி பின்னால் போனான்.

"கொழுந்தனாரே, உங்களைத்தானே காட்டுகிறது!" என்றாள் அரசி இலோனா. "ஐயோ, இதன் நாக்கு எங்கே? யார் செய்த வேலை இது?"

திவாதாரின் ஒற்றைக் கண் தரையைவிட்டு எழவில்லை. வாயைத் திறந்தால் தலை போகும், திறக்காவிட்டால் முடி போகும். அவன் திறக்கவில்லை.

"வாய்விட்டுக் கூவிய பெயர்தான் செல்லும். இல்லையென்றால் மகனுக்கே முடி" என்று பேராயர் கிரீடத்தைத் தொட்டிலின் மேல் பிடித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் நாரை திவாதாரின் வீட்டுக் கூரைக்கு வந்து தட்டும். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். பொத்தினாலும் அவனுக்குத் தன் பெயராகவே கேட்கும்.

செங்கால் நாரைக்குக் குரல் போனது அன்று முதல்தான். இன்றும் அது தலையைச் சாய்த்து, அலகைத் தட்டித் தட்டி, அந்த ஒரு பெயரைத்தான் சொல்லப் பார்க்கிறது.