தோசைக்கல்லில் ஓடிய துளி

பொன்னுரங்கத்துக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று. வேலூர்ப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன மடத்துக்கு அவர் தலைவி. ஞானசுந்தரி என்று பெயர் இருந்தாலும் பெரியவர்கள்கூட அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பொன்னுரங்கமும் அப்படித்தான்.

பொன்னுரங்கம் பதினேழு வருஷம் பட்டாளத்தில் சமையல் செய்தவர். அங்கே எந்நேரமும் கூட்டம், சிரிப்பு, சீட்டாட்டம். புத்தகத்தை மட்டும் தொட்டதில்லை. ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவரை அம்மா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுத வைத்தார். இரண்டு வருஷம் புத்தகத்தோடு தனியாகக் கிடந்து பாஸ் செய்தார். பேச ஆளில்லாமல் நாக்கே மரத்துப்போயிற்று.

இனிமேலாவது படிப்பும் கலகலப்பும் சரிபாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான்.

இயற்பியல் படிக்க டவுனில் இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்திருந்தன. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வயதில் தப்பான இடத்தில் சேர்ந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க முடியாது. முந்தின இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் அம்மாவைத் தேடிப் போனார். அம்மா தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"அம்மா, ரெண்டு காலேஜையும் பார்த்துட்டு வந்துட்டேன். எதுல சேர்றதுன்னு தெரியலை."

"பார்த்தா தெரிஞ்சிருக்கணுமே."

பொன்னுரங்கம் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். எதைப் பார்த்தாலும் மார்க் போடுவது பட்டாளத்துப் பழக்கம். ஒரு கல்லூரிக்கு ஒரு பக்கம். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் படிப்பு, வலது பக்கம் கலகலப்பு.

முதல் கல்லூரியின் பக்கத்தில் இரண்டு புறமும் எட்டு எட்டு என்று இருந்தது.

அதைப் பற்றி அவர் விவரமாகச் சொன்னார். நாலு மணி வரை வகுப்பில் ஒரு சத்தம் கிடையாது. பாடம் நடத்துகிறவர்கள் கெட்டிக்காரர்கள். நாலு மணி அடித்ததும் ஆட்டம், பாட்டு, நாடகம், கிரிக்கெட். சாப்பிடும் இடத்தில் யாராவது பாடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது அந்தப் பிள்ளைகள் வைத்திருக்கும் தண்டனை. படிப்பு வேறு, சந்தோஷம் வேறு, ஒன்று இன்னொன்றைத் தொந்தரவு செய்வதே இல்லை என்று மெச்சிக்கொண்டார்.

"நீங்க கேட்ட சரிபாதி."

"ஆமாம்மா. தராசுல நிறுத்த மாதிரி."

அம்மா பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவது கல்லூரிக்கு நடுக்கோடு மட்டும் இருந்தது. இரண்டு புறமும் காலி.

"இங்க போகலையா?"

"போனேன்மா. முழு நாளும் இருந்தேன்."

"அப்புறம்?"

பொன்னுரங்கம் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

மதியம் மெஸ்ஸில் சோறும் குழம்பும் வாங்கிய தட்டோடு ஆம்லெட் வரிசையில் நின்றிருக்கிறார். ஆம்லெட் போடக் கல் காய்ந்துகொண்டிருந்தது. சமையல் மாஸ்டர் தண்ணீர் தெளித்தார். துளி புஸ்ஸென்று ஆவியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சூடாக்கிவிட்டுத் தெளித்தார். இந்தத் தடவை துளிகள் ஆவியாகவில்லை. முத்து முத்தாகக் கல் மேல் ஓடின. தனக்கு முன்னால் நின்ற பெண் அப்படியே நின்றுவிட்டாள் என்றார். சூடு கம்மியா இருந்தப்ப உடனே செத்துச்சு, சூடு ஏறினதும் எப்படி உயிரோட ஓடுது என்று அவள் கேட்டாளாம்.

அவ்வளவுதான். வரிசை கலைந்து கூட்டம் கல்லைச் சுற்றிக்கொண்டது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவன் சொன்னதைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த வாயோடு அவனையே மறுபடி சொல்லச் சொன்னார்கள், ஏனென்றால் அதில் பாதி சரியாக இருந்தது. பின்னால் தட்டோடு நின்ற பேராசிரியரும் ஒரு காரணம் சொன்னார். அது இல்லை சார் என்று ஒரு பொடியன் மறுத்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எங்கே இடிக்கிறது என்று அவனிடமே கேட்டார். மாஸ்டர் கரண்டியும் கையுமாக, என் கல்லை விடுங்கடா என்று கத்திக்கொண்டே மறுபடி மறுபடி தண்ணீர் தெளித்துக் காட்டினார்.

"அப்ப அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, அண்ணா உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுச்சும்மா."

பொன்னுரங்கம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். எந்தச் சூட்டில் துளி சாகும், எந்தச் சூட்டில் ஓடும், எண்ணெய் பட்ட கல்லில் எப்படி, பட்டாளத்தோடு போன பனி மலையில் எப்படி. சொல்லச் சொல்ல மெஸ்ஸே அமைதியாகிவிட்டது. பேராசிரியர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். துளிக்கு அடியில் அதன் ஆவியே மெத்தை மாதிரி தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், அதனால்தான் துளி கல்லைத் தொடவே இல்லை என்று.

"ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடலைம்மா. அப்புறம் ஒரே கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பதினேழு வருஷம் அந்தக் கல்லு முன்னாடி நின்னிருக்கேன். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தத் துளி என் கண்ணு முன்னாடி ஓடியிருக்கு. ஏன்னு கேட்கணும்னு தோணவே இல்லை."

அம்மா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அப்புறம் வெளியே வந்து நோட்டைத் திறந்தேன். அதைப் படிப்புல எழுதறதா, கலகலப்புல எழுதறதான்னு தெரியலை. அப்படியே விட்டுட்டேன்."

பிறகு கணக்காகவே பேசினார். ஒரு பக்கம் எட்டும் எட்டும் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் பார்த்ததில் மயங்கிப்போய் மூன்று வருஷத்தைப் பணயம் வைக்கலாமா? தினமும் அங்கே இப்படி நடக்கும் என்று என்ன நிச்சயம்? முதல் கல்லூரியில் கையெழுத்துப் போடுவதுதானே புத்திசாலித்தனம்?

அம்மா பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மொத காலேஜ்ல மதியம் என்ன குழம்பு?"

"கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும்மா. கடுகு தீஞ்சுபோச்சு. உப்பு அரைச் சிட்டிகை கூட. கத்திரிக்காய் முந்தின நாள் வாங்கினது."

"ரெண்டாவது காலேஜ்ல?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். யோசித்தார். தட்டு நினைவுக்கு வந்தது. கையில் சோறு காய்ந்துபோக அப்படியே நின்றதும் நினைவுக்கு வந்தது. ஆயிரம் பேருக்குச் சமைத்தவர், வாசனையை வைத்தே உப்பு சொல்கிறவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சாப்பிட்டேன்மா. வயிறு நிறையத்தான் சாப்பிட்டேன். ஆனா..."

"ஆனா?"

"என்ன குழம்புன்னு தெரியலை."

அம்மா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"மூணு வருஷம் டைம் தர்றேன். அங்க போய்ச் சாப்பிட்டுப் பார்த்துட்டு, என்ன குழம்புன்னு வந்து சொல்லுங்க."