வரிசை மாறாத நாலு இன்ஜெக்டர்

ஓணாங்குளத்தில் மொத்தம் எழுபத்திரண்டு வீடு. அதில் எழுபத்தொன்றில் கார் கிடையாது. மிச்சம் இருக்கிற ஒன்று சடையப்பன் வீடு. அவனிடம் இருந்ததும் முழுக் கார் என்று சொல்ல முடியாது. இருபத்தெட்டு வயசான டீசல் வண்டி. கிளம்பினால் முன்னால் அரை கிலோமீட்டர் சத்தம் போகும், பின்னால் ஒரு கிலோமீட்டர் புகை போகும்.

அந்தப் புகையால்தான் அவன் மனைவி மருதாயி கோபித்துக்கொண்டு போனாள். மேலப்பட்டியில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு இரண்டு பேரும் காரில் போய்க்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சேலை சாம்பல் சேலையாகிவிட்டது. வழியில் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, டிரங்குப் பெட்டியோடு இறங்கி, மிச்ச இரண்டு கிலோமீட்டரை நடந்தே போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை என் தங்கச்சிக்கு வளைகாப்பு. காலையில பத்தரை மணிக்குள்ள புகை விடாத வண்டியோட எங்கப்பா வாசல்ல வந்து நில்லுங்க. இல்லேன்னா நான் அங்கேயே இருந்துக்கிடுதேன்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சடையப்பனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சமைக்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

புதன்கிழமை மெக்கானிக் அந்தோணி வந்து பார்த்தார். "என்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாலு இன்ஜெக்டரும் ஒழுகுது. அதான் புகை" என்றார். ஆனால் அவர் பேத்திக்கு ஞானஸ்நானம். ஊருக்குப் போக வேண்டும். நட்டுகளையெல்லாம் தளர்த்திக் கொடுத்துவிட்டு, சடையப்பனுக்கு உதவியாக நின்ற மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

அந்த மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவர் குருவையா அண்ணாச்சி. எதையும் யோசிக்காமல் செய்யமாட்டார். யோசித்த பிறகு யாராலும் தடுக்க முடியாது. அடுத்தது தவசி, சடையப்பனின் பெரியப்பா மகன். கடைசி கொண்டல்ராசு, மாமன் மகன். அவன் எல்லாவற்றிலும் கடைசி.

அந்தோணி விரல் விட்டுச் சொன்னார். "ஒண்ணு, கழட்டின ஓட்டையில துணி அடைச்சு வைங்க. ரெண்டு, இன்ஜெக்டர்ல தூசி ஒரு பொட்டு படக்கூடாது. கீழ வைக்காதீங்க. மூணு, டவுன்ல இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ணுற கடைக்குக் கொண்டு போங்க. சரியில்லேன்னா புதுசு வாங்குங்க. செம்பு வாஷரும் புதுசு போடணும். நாலு, மாட்டின பிறகு கைப்பம்பை அமுக்கி டீசல் குழாய்ல இருக்கிற காத்தை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. எதை எந்த இடத்துல எடுத்தீங்களோ அதை அந்த இடத்துலதான் திரும்ப வைக்கணும். வரிசை மட்டும் மாறவே கூடாது. புரியுதா?"

"புரியுது" என்று நாலு பேரும் சொன்னார்கள். அதுதான் ஆரம்பம்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள். கார் வீட்டு முற்றத்தில் மேற்கே ரோட்டைப் பார்த்து நின்றது. ரேடியேட்டர் பக்கம் இருந்த முதல் இன்ஜெக்டரை உருவி குருவையா கையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது தவசி கைக்கு. மூன்றாவது சடையப்பன் கைக்கு. ஓட்டுகிறவன் பக்கம் இருந்த நாலாவது கொண்டல்ராசு கைக்கு. சடையப்பனின் துண்டை நாலாகக் கிழித்து ஓட்டைகளை அடைத்தார்கள்.

கொண்டல்ராசு மூக்கைச் சொறிய ஓர் அடி தள்ளி நின்றான்.

"நில்லுல!" என்று கத்தினார் குருவையா. "எங்க போற?"

"மூக்கு அரிக்குது அண்ணாச்சி."

"உன் கையில இருக்கிறது நாலாவது. நீ நகர்ந்தா நாலாவது நகர்ந்த மாதிரி. அந்தோணி என்ன சொன்னாரு?"

"வரிசை மாறக்கூடாதுன்னு."

"அப்ப, வண்டியில மறுபடி மாட்டுற வரைக்கும் நாமதான் வரிசை. நான் ஒண்ணு. தவசி ரெண்டு. சடையப்பன் மூணு. நீ நாலு."

"மூக்கு?"

"மூக்குக்கு வரிசை கிடையாது. தவசியைச் சொறியச் சொல்லு."

தவசி சொறிய வேண்டுமானால் சடையப்பனைத் தாண்டி வர வேண்டும். எனவே சடையப்பன் சொறிந்தான்.

ஒருவர் பின் ஒருவராக ரோட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் துணியில் இன்ஜெக்டரைச் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். மேலே தூசி விழாமல் இருக்க ஆளுக்கொரு குடை. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் குடையை மடக்கச் சொன்னார். மடக்க மூன்றாவது கை வேண்டும். ஆகவே நாலு குடையும் பஸ்ஸுக்குள் விரிந்தே வந்தன. அறுபது பேர் நிற்கிற பஸ்ஸில் அன்று நாற்பத்தொன்பது பேருக்குத்தான் இடம் கிடைத்தது.

டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு எருமை குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தார். கம்பியைப் பிடிக்கக் கை இல்லாததால் நாலு பேரும் விழுந்தார்கள். முதலில் குருவையா, அவர் மேல் தவசி, அவன் மேல் சடையப்பன், எல்லாருக்கும் மேல் கொண்டல்ராசு. விழுந்தபோதும் வரிசை மாறவில்லை.

"இதுதான் ஒழுக்கம்" என்றார் அடியில் கிடந்த குருவையா.

டெஸ்ட் கடைக்காரர் முதல் இன்ஜெக்டரை மிஷினில் மாட்டி அமுக்கினார். பனி மாதிரி சீற வேண்டிய டீசல், ஓட்டைக் குழாய் மாதிரி சொட்டியது. நாலும் அப்படியே. "நாலும் போச்சு. புதுசு தாரேன்" என்று சொல்லி, அலமாரியில் இருந்து நாலு புது இன்ஜெக்டரை அள்ளி ஒரே பையில் போட்டு நீட்டினார். புது வாஷர் நாலும் அதே பையில்.

நாலு பேரும் பின்வாங்கினார்கள்.

"இதுல ஒண்ணாவது எது?" என்று கேட்டார் குருவையா.

"புதுசுதானேய்யா? எதை எங்க வேணாலும் மாட்டிக்கிடுங்க."

குருவையா மற்ற மூவரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பாவம். படிக்காத ஆளு."

பிறகு கடைக்காரரைக் கெஞ்சி நாலையும் மறுபடி அலமாரியிலேயே வைக்கச் செய்து, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். அலமாரி வரிசை கலையக் கூடாது என்று, காலியான நாலு இடத்திலும் பழைய இன்ஜெக்டரைத் துடைத்து வைத்தார்கள். கடைக்காரர் பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தார்.

திரும்பி வரும்போதும் குருவையாதான் முன்னால். சாயங்காலம் நாலே காலுக்கு முற்றத்துக்குள் நுழைந்து காரின் பக்கத்தில் நின்றார்கள். அப்போதுதான் சடையப்பன் "ஐயோ" என்றான்.

போகும்போது மேற்கே பார்த்துப் போனவர்கள், வரும்போது கிழக்கே பார்த்து வந்திருந்தார்கள். முன்னால் வந்த குருவையா ஓட்டுகிறவன் பக்கம் நின்றார். கடைசியில் வந்த கொண்டல்ராசு ரேடியேட்டர் பக்கம் நின்றான். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு. நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

"மாறிப் போச்சே அண்ணாச்சி! நாளைக்குப் பத்தரைக்கு மருதாயி வாசல்ல நிக்கணுமே!" சடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"டவுன்ல இருந்து பின்பக்கமா நடந்து வந்திருக்கணும்" என்றான் தவசி. "இப்பப் போனாலும் கடைசி பஸ் இருக்கு."

"நாம எல்லாரும் அப்படியே ஒரு சுத்துச் சுத்தினா?" என்றான் கொண்டல்ராசு.

"வரிசை கலையாமலா?"

குருவையா யோசித்தார். பதினேழு நிமிஷம் யோசித்தார். "தப்பு நம்ம மேல இல்ல. நாம வரிசையாத்தான் நிக்கோம். வண்டிதான் தப்பாப் பார்த்துட்டு நிக்குது. வண்டியைத் திருப்புங்க."

இன்ஜெக்டரைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் முதுகால் தள்ளினார்கள். வண்டி கிழக்கே திரும்புவதற்குள் தண்ணீர்க் குடம் இரண்டு, துணிக்கொடி ஒன்று, அதில் காய்ந்த துணி பதினொன்று, கோழிக்கூடு ஒன்று, வேலி நாலரை முழம் ஆகியவை போயின. கடைசியில் ரேடியேட்டர் கிழக்குச் சுவரைத் தொட்டு நின்றது. இப்போது குருவையா சரியாக முதல் ஓட்டைக்கு நேராக நின்றார்.

துணியை எடுத்தார்கள், வாஷரைப் போட்டார்கள், மாட்டினார்கள். கைப்பம்பை அமுக்கிக் காற்று எடுப்பதை மட்டும் அந்தோணி சொன்னபடியே செய்தார்கள். டீசலில் குமிழி வருவதைப் பார்ப்பதில் கொண்டல்ராசுக்கு அவ்வளவு ஆசை. எழுபத்தாறாவது அமுக்கலில் நுரை நின்றது. சடையப்பன் சாவியைத் திருகினான். வண்டி பூனை மாதிரி உறுமியது. புகை ஒரு இழைகூட இல்லை.

நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வரிசையாகத்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சடையப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வண்டியைத் திருப்பப் போனான்.

"என்ன காரியம் செய்யுத?" என்று குருவையா ஓடி வந்தார். "கிழக்கே பார்த்து மாட்டினது. திருப்பினா ஒண்ணாவது மேற்கே போயிரும். நேத்துப் பட்டதெல்லாம் வீணு."

"மேலப்பட்டி மேற்கேல்லா இருக்கு அண்ணாச்சி?"

"வண்டிக்கு ரிவர்ஸ் எதுக்கு வச்சிருக்கான்?"

ஓணாங்குளத்திலிருந்து மேலப்பட்டி ஏழு கிலோமீட்டர், வளைவு இல்லாத நேர் ரோடு. அது அவர்கள் அதிர்ஷ்டம். நாலு பேரும் ஏறி ஏழு கிலோமீட்டரும் பின்பக்கமாகவே போனார்கள். எதிரே வந்தவர்களுக்குக் கார் தங்களோடு வருகிறதா, தங்களைப் பார்த்து வருகிறதா என்று தெரியாமல் நாலு சைக்கிள் வயலுக்குள் இறங்கின. பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு மாமனார் சீனிச்சாமி வீட்டு வாசலில் வண்டி நின்றது. புகைக்குழாய்தான் முதலில் வந்து சேர்ந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. மருதாயி வெள்ளைக் கைக்குட்டையை அதன் வாயில் பிடித்து நூறு வரை எண்ணினாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"வாரேன்" என்றாள்.

வளைகாப்பு முடிந்தது. சாப்பாடும் முடிந்தது. கிழக்கே பார்த்து நிற்கிற வண்டி, கிழக்கே இருக்கிற வீடு. நேராக ஓட்டினால் போதும். ஆனால் பெட்டியோடு வந்த மருதாயி, "ஏன் பின்னாலயே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். குருவையா அந்தோணி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். மருதாயி மோவாயில் கை வைத்தாள்.

"எடுத்த இடத்துலதான் திரும்ப வைக்கணும்னா, நான் மட்டும் எப்படி இங்க ஏறுறது? நான் இறங்கினது வாய்க்கால் பாலத்துல."

குருவையா அவளை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு இருக்கிற மூளை உங்க மூணு பேருக்கும் இல்லையே!"

மருதாயி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். கார் மெதுவாகப் பின்னால் வந்தது. பாலத்தில் இன்னொரு சிக்கல்.

"அன்னைக்கு வண்டி மேற்கே பார்த்து நின்னுச்சு" என்றாள் மருதாயி. "இப்பக் கிழக்கே பார்த்து நிக்குதே?"

குருவையா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "இன்ஜெக்டருக்குக் கிழக்கு. உன் பொண்டாட்டிக்கு மேற்கு. ஏதாவது ஒண்ணுதான் முடியும். எது வேணும், நீயே சொல்லு சடையப்பா."

சடையப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மருதாயிதான் அண்ணாச்சி."

மருதாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வண்டியை மேற்கே திருப்பினார்கள். அவள் இறங்கின அதே இடது பின்கதவு வழியாக ஏறி, அதே இடத்தில் உட்கார்ந்தாள். வீடோ கிழக்கே. அதனால் பாலத்திலிருந்து ஓணாங்குளம் வரைக்கும் மறுபடியும் ரிவர்ஸ்.

வீட்டு வாசலுக்கு வந்து வண்டி நிற்கப் போகிற நேரம். எதிர்வீட்டுப் பொன்னாத்தாள் வெளியே வந்தாள். மேற்கே பார்த்த கார், மேற்கே பார்த்த மருதாயி, மடியில் டிரங்குப் பெட்டி.

"என்னடி மருதாயி, மறுபடியும் அப்பா வீட்டுக்கா?"

சடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்பக்கம் திரும்பியிருந்த கழுத்தை முன்னால் திருப்பினான். கண்ணாடிக்கு நேரே மேலப்பட்டி ரோடு.

"போகாத மருதாயி! உனக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன். என்னை விட்டுட்டுப் போயிராத!"

மருதாயியின் கண் கலங்கியது. "செவ்வாய்க்கிழமையே இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இறங்கியே இருக்கமாட்டேனே. சரி, போகலை. வண்டியைத் திரும்ப விடுங்க."

நாலு பேரும் மூச்சு விட்டார்கள். சடையப்பன் ரிவர்ஸிலிருந்து எடுத்து முதல் கியரைப் போட்டு, வந்த வழியே ஏழு கிலோமீட்டரும் திரும்ப விட்டான்.

மணி நாலு ஐம்பதுக்கு மாமனார் சீனிச்சாமி வாசலுக்கு வந்தார். "என்ன மாப்பிள்ளை, எதையும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

"ஒண்ணும் மறக்கலை மாமா" என்றான் சடையப்பன், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "உங்க பொண்ணு மறுபடியும் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. நல்லவேளை, கெஞ்சிக் கூத்தாடித் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

சீனிச்சாமி மகளைக் கண்டிப்போடு பார்த்தார்.

"இனிமே இப்படிச் செய்யாதம்மா. புருஷன் வீடுதான் உன் வீடு" என்று சொல்லி, தன் வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு, "வலது காலை எடுத்து வச்சு உள்ள போ" என்றார்.