ஸ்பீக்கரைக் கருக்கியது யார்?

தணிகாசலத்தின் வீட்டில் ஸ்டீரியோவுக்கும் சட்டம் உண்டு. வால்யூம் திருகில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தார். தாண்டினால் வீடு ரெண்டுபடும். பெரிய ஸ்பீக்கருக்கு ஆபத்து வரக்கூடாதென்று, வேண்டுமென்றே சின்ன ஆம்ப்ளிஃபயராக வாங்கியவர் அவர்.

அப்படியும், ஸ்பீக்கருக்குள் மேல்ஸ்தாயி ஒலிகளுக்கென்று இருக்கும் ட்வீட்டர் ஒருநாள் ஊமையாகிவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்து, அது கருகிவிட்டதென்று சொன்னதும் விசாரணை ஏதுமில்லாமல் தீர்ப்பு வந்தது.

"மத்தியானம் பாட்டுக் கேக்கறது என் மருமகதான். கருக்கினதும் அவதான். இனிமே அவ இதைத் தொடக் கூடாது!"

அந்த வீட்டில் மருமகள் செண்பகவல்லிக்கென்று இருந்ததே அந்த மத்தியானப் பாட்டு மட்டும்தான். பொங்கலன்று ஸ்டீரியோ சத்தம் கிழிந்து அலறியது அவளுக்கு நினைவிருந்தது.

"நான் உங்க கோட்டைத் தாண்டியிருப்பேனா மாமா?"

"என் வீட்லயா? யாருக்கு அந்தத் தைரியம்? கொசு பாடற மாதிரி வச்சுல்ல கேப்பே!"

"பொங்கலுக்குத் தெருவே கேட்டுச்சே?"

"அது நான்! கடைசி வரைக்கும் திருகினேன்ல!" மீசையைத் தடவிக்கொண்டார்.

அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள். "ட்வீட்டர் எதனாலண்ணே கருகும்?"

"சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாத் திருகினா தாங்காதும்மா, சத்தம் கிழியும். அந்தக் கிழிஞ்ச சத்தம்தான் ட்வீட்டரைச் சுடும். பெருசா வாங்கி மெதுவா வச்சா ஒண்ணும் ஆகாது."

தணிகாசலத்தின் கை மீசையிலிருந்து இறங்கியது.

தீர்ப்பு இப்போது யாருக்கு என்று செண்பகவல்லி கேட்கவில்லை.

"புது ஆம்ப்ளிஃபயர் வந்ததும், என்ன பாட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க மாமா," என்றாள். "நானே வச்சுத் தரேன்."