கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம்

குளக்கரையில் ஒரு கதைப்பாறை இருந்தது. அதில் ஏற மயிலின் அனுமதி வேண்டும். கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும். அதுதான் ரசனையாம்! கடைசி வரிசையில் உடும்பு வரிக்கு வரி 'ஆஹா!' போடும்.

முள்ளம்பன்றிக்கு அங்கே இடமில்லை. "திருட்டு, கொலை, துப்பறிதல்! இதெல்லாம் இலக்கியமா? கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்!" என்று மயில் துரத்திவிட்டது.

ஆனால் கூட்டம் என்னவோ அந்தப் பக்கம்தான்! முயலும் மானும் ஆமையும் நைசாகப் போவார்கள். கேட்டால், "தண்ணி குடிக்கப் போனேன்" என்பார்கள்.

ஒருநாள் மயில் கதையைப் பாடி முடித்ததும், கடைசி வரிசைக்குப் பின்னால் புல்லில் கூடு கட்டியிருந்த வாத்து அலறியது. "ஐயோ, என் முட்டை! மூணுல ஒண்ணைக் காணோமே!"

மறுநாள் அந்தத் துக்கத்தையே மயில் உருக்கமாகப் பாடியது. எல்லோரும் கண்மூடி உருகினார்கள். கண்ணைத் திறந்தால் ஒரே ஒரு முட்டைதான் மிச்சம்!

"பாடினது போதும்! எடுத்தது யாருன்னு சொல்லுங்க!" என்று வாத்து கதறியது.

முள்ளம்பன்றி வேலியைத் தாண்டி வந்து, விடுவிடுவென்று பாறையில் ஏறியது.

"இறங்கு கீழே!" என்றது மயில்.

"மாட்டேன்! கடைசி முட்டையும் போகணுமா? எல்லாரும் கண்ணைத் திறந்து வச்சுக் கேளுங்க!"

முள்ளம்பன்றி கதையைத் தொடங்கியது. "ஒரு தாய் இருந்தாள். முட்டை போன இடத்தில் புல் இன்னும் சூடாக இருந்தது. அவள் அந்த வெறும் புல்லையே அடைகாத்தாள்."

மான் விம்மிவிட்டது.

"அந்தச் சபையில் ஒருத்தர் வரிக்கு வரி 'ஆஹா!' போடுவார். ரெண்டு நாளாகப் பாட்டு நடுவில் மட்டும் அவர் சத்தமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கே அந்த மௌனம் கேட்டது! வாயில் என்ன இருந்தது, உடும்பாரே?"

எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. உடும்பின் தாடையில் மஞ்சள்கரு இன்னும் காயவில்லை! அது எடுத்தது ஓட்டம். மான் காட்டெல்லை வரை விடாமல் விரட்டியது. வாத்து கடைசி முட்டையை அணைத்துக்கொண்டு அழுதது.

மயில் தொண்டையைச் செருமியது. "பரவாயில்லை, நன்றாகத்தான் சொன்னாய். சரி, இனி உன் இடத்துக்குப் போ."

"இதுதான் என் இடம், போக மாட்டேன்! அதிருக்கட்டும் மயிலாரே, கள்ளியில் உங்க தோகை இறகு மூணு மாட்டியிருக்கே. நீங்களும் தண்ணி குடிக்கத்தான் வந்தீங்களோ?"

சபையே சிரித்தது. மயில் தலையைக் குனிந்துகொண்டு போய், முதல் கள்ளியைத் தானே பிடுங்கியது.

கதையின் மதிப்பு அது வேலிக்கு எந்தப் பக்கம் பிறந்தது என்பதில் இல்லை. கேட்பவரின் கண்ணைத் திறக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.