முதுகு சொன்ன வாக்கியம்

“டாக்டரய்யா, உங்க பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பேரைச் சொல்லியே திட்டியிருப்பேன். எங்க அக்காவுக்குக் கேன்சர்னு சொன்னீங்க. சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. அவ அன்னைக்குச் சாயங்காலமே பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டா. ஒன்பது வாரமாச்சு. போன வாரம் பெட்டியைத் திறந்து, சேலையெல்லாம் எடுத்துச் சொந்தக்காரங்களுக்குப் பங்கு வச்சுட்டா. எனக்கு மூணு வந்திருக்கு. நான் கட்டுறதா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.”

கடிதம் அவ்வளவுதான். கீழே ‘முப்பிடாதியின் தங்கச்சி’ என்று மட்டும் இருந்தது.

பயிற்சிக் கூடத்துக் கட்டிலருகே நின்று கமலவேணி அதை இரண்டு தரம் படித்தாள். அதைக் கொண்டுவந்து எதிரே நின்றவர் டாக்டர் ஆவுடைநாயகம், அந்த மருத்துவக் கல்லூரியின் அறுவைத் துறைத் தலைவர். ஐம்பத்தேழு வயது. அவர் போட்ட தையல் ஆறினால் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். அவருக்குப் பின்னால் முதுநிலை மாணவர்கள் நாலு பேர் நின்றார்கள்.

கமலவேணி நாடகக்காரி. முப்பத்தெட்டு வயது. கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடிய ஆடுகிறவள். ஆடி மாதம் முடிந்தால் மேடை கிடையாது. அந்த மாதங்களில் இந்தக் கல்லூரியில் நோயாளியாக நடிக்க வருவாள். தேர்வுக்கு நிஜ நோயாளிகளையும் உட்கார வைப்பார்கள். அவர்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், “தம்பி, எனக்கு இருதய வால்வுல சுருக்கம், இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக் கேளு” என்று மாணவன் காதில் ஓதிவிடுவார்கள். கமலவேணியிடம் அது நடக்காது. நோயைக் கண்டுபிடிப்பதைப் பார்க்க மற்றவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடித்ததை எப்படிச் சொல்கிறான் என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

அந்த வேலையைக் கேட்டு வந்தபோதே ஒரு சண்டை போட்டாள். ஆறு வருஷம் முன்பு. தன் கையாலும் மார்க் போடுவேன் என்றாள்.

“நடிக்க வந்தவளுக்கு என்ன மார்க்?” என்றார் அப்போதைய கல்லூரி முதல்வர்.

“படுத்திருக்கிறவகிட்ட கேட்காம நிக்கிறவனுக்கு மார்க் போட்டா, அது என்னங்க பரீட்சை?”

ஐம்பது கேட்டாள். முதல்வர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நாற்பது, முப்பது என்று இறங்கி, பத்தில் வந்து நின்றாள். அந்தப் பத்தில் ஆறாவது வாங்காதவன் கல்லூரித் தேர்வில் தேற முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்டாள். முதல் நாளிலிருந்தே அவள் மனசில் இருந்தது பத்துதான். இன்று எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவள் கையெழுத்து அறுநூறு டாக்டர்களின் மார்க் தாளில் கிடக்கிறது. பிள்ளைகள் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கொடுத்த பட்டம்? யாரும் கொடுக்கவில்லை. கேட்டு வாங்கினாள்.

“அந்தம்மாவுக்கு நிஜமா எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“மார்ல சின்னக் கட்டி. ஆரம்ப நிலை. இப்ப வந்தா குணப்படுத்திடுவேன்” என்றார் ஆவுடைநாயகம். “இன்னும் ரெண்டு மாசம் போனா என்னால வாக்குக் கொடுக்க முடியாது.”

“ஆள் விட்டுச் சொல்லலாமே.”

“ஊர் நர்ஸ் ரெண்டு தடவை போயிட்டா. கதவே திறக்கலை.”

“சொன்னது யாரு?”

“அதுதானே தெரியலை! அன்னைக்கு ரவுண்ட்ஸ்ல பதினாலு பேர் இருந்தோம். கேஸ் ஷீட்ல ‘விவரம் எடுத்துச் சொல்லப்பட்டது’ன்னு இருக்கு. சொன்னவன் பேர் இல்லை. இவங்களைக் கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். ஆனா கண்டுபிடிப்பேன். கண்டுபிடிச்சு, அவனையே அந்தம்மா வாசல்ல கொண்டு நிறுத்துவேன். அவங்க கிளம்புற வரைக்கும் அவன் அங்கயேதான் நிக்கணும்.”

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கமலவேணி அந்த நாலு முகங்களையும் பார்த்தாள். வசனம் மறந்தவன் முகம் ஒரு மாதிரி இருக்கும். வசனத்தை விழுங்கினவன் முகம் வேறு மாதிரி இருக்கும். இவர்கள் விழுங்கியிருந்தார்கள்.

“சரி. என்கிட்ட என்ன வேணும்?”

“எனக்கு ஒண்ணு புரியலை, கமலவேணி. குணமாகும்னு கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. என் யூனிட்ல அதைச் சொல்லாம விடமாட்டாங்க. சொன்ன பிறகும் அந்தம்மாவுக்கு ஏன் கேட்கலை? எதை மாத்தணும்? சொல்லிக் கொடு. நான் மாணவனாத்தான் வந்திருக்கேன்.”

“மாணவன்னா, சொல்லிக் கொடுங்கன்னு வரணும் சார்.”

பின்னால் யாரோ இருமினார்கள். ஆவுடைநாயகத்தின் காது சிவந்தது.

“சொல்லிக் கொடுங்க” என்றார்.

“ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“அரை மணி நேரம்தான் இருக்கு. ஆபரேஷன் காத்துக்கிட்டிருக்கு.”

“அப்ப ஒரு மணி நேரம். ஆனா கோட்டு, வாட்ச், மோதிரம், கண்ணாடி எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு, நோயாளி அங்கியை மாட்டிக்கிட்டு, அந்தக் கட்டில்ல படுக்கணும்.”

“கண்ணாடியைக் கழட்ட மாட்டேன்.”

“சரி, கண்ணாடியை நீங்க வச்சுக்குங்க. மத்தது என் பக்கம்.”

பேரம் படிந்தது.

பயிற்சிக் கூடத்து அங்கிக்கு முதுகுப் பக்கம் மூன்று முடிச்சு. நடு முடிச்சின் நாடாவைக் காணோம். ஆவுடைநாயகம் ஒரு கையால் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்கு வந்தார். மாணவன் ஒருவனின் தோள் குலுங்கியது.

“சிரிச்சா பத்துல ரெண்டு போச்சு” என்றாள் கமலவேணி. தோள் நின்றது.

“உங்களுக்கு வயித்து வலி. கொத்தனார் வேலை. நாலு நாள் முன்னால சதைத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. இன்னைக்கு ரிசல்ட். டாக்டர் வருவாரு. படுங்க.”

அவருடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கை விரல் நுனி வரை தொங்கியது. இரண்டு மடிப்பு மடித்தாள். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்தினவள் உள்ளே போகவில்லை. கதவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது.

“போகலாமா வாத்தியாரம்மா?” என்றாள் ஹமீதா. நாலு பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

“அவர் கால் விரலைப் பாரு. இன்னும் டாக்டராத்தான் படுத்திருக்காரு.”

இருபதாவது நிமிஷம் ஆவுடைநாயகம் வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். காலை மடக்கினார். கட்டை விரல் மற்ற விரல்களுக்குள் சுருண்டுகொண்டது.

“இப்ப வாங்க” என்றாள்.

கதவைத் திறந்த அந்தக் கணத்தில் கமலவேணியைக் காணோம். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியது. மோவாய் முன்னால் போனது, கால் அதைத் துரத்தியது. பேனா விரலிடுக்கில் ஆடியது. ஆறு வருஷமாக அந்தக் கட்டிலில் படுத்தபடியே பார்த்து வைத்த நடை. ஒத்திகை எதற்கு? ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற மூவரும் பழக்க தோஷத்தில் அந்த நடைக்குப் பின்னால் ஓடினார்கள்.

கட்டிலருகே நின்றாள். ஃபைலைப் பார்த்தாள். ஃபைலிடமே சொன்னாள்.

“துண்டு டெஸ்ட் வந்துருச்சு. கேன்சர்தான்.”

திரும்பினாள். நடந்தாள். நடந்துகொண்டே அதே குரலில் சொன்னாள்: “ஆரம்ப நிலைதான், ஆபரேஷன் பண்ணினா குணமாயிடும், அட்மிஷன் போட்டுடுங்க.”

கட்டிலே இல்லாத வெற்றிடத்தில் போய் நின்றாள். அங்கே இல்லாத நோயாளியைக் குனிந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, “பசிக்குதா?” என்று கேட்டாள்.

“நில்லுங்க!”

ஆவுடைநாயகம் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“இவ்வளவுதானா?”

“எவ்வளவு?” என்றாள், திரும்பாமல்.

“கேன்சர்னு சொன்னீங்க. அப்புறம்? வைத்தியம் உண்டா இல்லையா? பிழைப்பேனா மாட்டேனா? அதைச் சொல்லாம அடுத்தவன்கிட்ட பசிக்குதான்னு கேட்டா என்ன அர்த்தம்? என்ன டாக்டர் நீங்க? இந்த மாதிரி ஆளை வார்டுக்குள்ள விட்டது யாரு?”

அது பேராசிரியர் குரல் அல்ல. அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

“சொன்னாங்க சார்” என்றாள் ஹமீதா.

“எப்ப?”

“திரும்பி நடக்கும்போது. ஆரம்ப நிலை, ஆபரேஷன் பண்ணினா குணமாயிடும்னு. எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.”

“எனக்குக் கேட்கலையே.”

“நாங்க அவங்ககூட நடந்தோம் சார். நீங்க படுத்திருந்தீங்க.”

கமலவேணி அதே தோளோடு, அதே மோவாயோடு, சுவர்ப் பக்கமாகவே நின்றாள். வேஷத்தைக் கலைக்கவில்லை.

ஆவுடைநாயகம் அந்த முதுகைப் பார்த்தார். அது அவருடைய கோட்டு. சாய்ந்திருந்த தோளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்குச் செவ்வாய்க்கிழமையா?” என்று ஹமீதாவிடம் கேட்டார்.

“ஆமா சார்.”

“பதினேழாம் கட்டில்.”

“ஆமா சார்.”

“பதினெட்டுல யாரு?”

“குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணின பெரியம்மா சார். அவங்ககிட்ட நீங்க…”

“பசிக்குதான்னு கேட்டேன். ஆபரேஷன் முடிஞ்சவங்களை எப்பவும் கேட்கிறதுதானே.”

அங்கியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

“ஒன்பது வாரமா ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

ஹமீதா மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை என்று அவருக்கும் பட்டிருக்கும். மறுபடி கேட்கவில்லை.

கமலவேணி இப்போது திரும்பினாள். தோள் நிமிர்ந்திருந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கண்ணும் அவள் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன.

“நான் சொன்னேன்” என்றார் அவர். “சத்தியமா குணமாயிடும்னு சொன்னேன்.”

“சொன்னீங்க சார். அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை.”

“அப்புறம் ஏன்…”

“பதினோரு வயசுல மேடை ஏறினேன். மொத நாளே கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு வரி பேசிட்டேன். எங்க வாத்தியார் பிரம்பை எடுத்துட்டாரு. நான் பேசினேன், ராஜா வேஷக்காரருக்குக் கேட்டுச்சு, வேணும்னா கேட்டுப் பாருங்கன்னு அழுதேன். அதுக்கு ரெண்டு அடி கூட விழுந்துச்சு.”

ஆவுடைநாயகத்தின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை. கண்ணாடியைத் தானாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். தலைவர் குரல் திரும்பி வந்தது.

“உடனே ஆம்புலன்ஸ் அனுப்புறேன். ஹமீதா கூடப் போகட்டும். நீங்களே பத்துக்கு ஒன்பது போட்ட பொண்ணு. நல்லாப் பேசுவா.”

“வேண்டாம்.”

“நானே லெட்டர் எழுதறேன். என் பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு.”

“வேண்டாம்.”

“போன்ல நான் பேசறேன். அந்தத் தங்கச்சியைப் பிடிச்சு, அவங்க அக்கா காதுல வைக்கச் சொல்லி…”

“வேண்டாம் சார்.”

“ஆபரேஷன் இருக்குன்னு சொன்னேனே!”

“முடிச்சுட்டுக் கிளம்புங்க. ஊர் எவ்வளவு தூரம்?”

“நாற்பது கிலோமீட்டர்.”

“ஆபரேஷன் முடிஞ்சு கிளம்பினாலும் வெளிச்சத்துலயே போய்ச் சேர்ந்துடலாம்.”

பேரமென்றால் ஒரு நாள் முழுக்க நிற்கிறவள் அவள். ஏறுவாள், இறங்குவாள், எழுந்து போவதுபோலப் போய்த் திரும்பி வருவாள். இதில் ஒரு நூல் அளவும் இறங்கவில்லை. ஆவுடைநாயகமும் கத்தி பிடித்துப் பழகியவர். எதிரே இருப்பது கல்லா சதையா என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

அங்கியோடு கட்டிலை விட்டு இறங்கினார். மாணவர்கள் நாலு பேர் முன்னாலும் நேராக நின்றார்.

“அங்க போய் என்ன சொல்லணும், வாத்தியாரம்மா?” என்று கேட்டார். “எனக்கு நடிக்க வராது.”

கமலவேணி கோட்டைக் கழற்றினாள். அவரிடம் கொடுக்கவில்லை. மடித்துக் கட்டில்மேல் வைத்தாள்.

“நடிக்க வேண்டாம் சார். மொத வாக்கியம் அந்தம்மாகிட்ட போய்ச் சேர்ந்துருச்சு. ரெண்டாவது வாக்கியம் இன்னும் உங்ககிட்டயேதான் இருக்கு. போங்க. அவங்க முகத்துக்கு நேரா உட்கார்ந்து, அதை ஒப்படைச்சுட்டு வாங்க.”