முரசு சொன்னால் போன் வெடிக்கும்

வெண்டைமங்கலத்தில் மகாராஜாவும் உண்டு, செல்போனும் உண்டு. அதெப்படி என்று கேட்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஊரில் ஒரு வினோத மரபு இருந்தது. அரண்மனை முரசில் அறைந்த செய்தியை மாற்றி அறையக் கூடாது. அறைந்தது அறைந்ததுதான். ஒருமுறை ஆடி மாதத்தில் "இன்று பொங்கல்" என்று தவறுதலாக அறைந்துவிட்டார்கள். ஊரே கரும்பு தேடி அலைந்தது.

ஒருநாள் காலையில் முரசு மந்திரி தாண்டவராயர் முழங்கினார்: "புதிதாக வந்திருக்கும் போன் வெடிக்கிறது! பக்கத்து நாட்டில் ஒரு வியாபாரியின் மீசை போய்விட்டது!"

அந்த வியாபாரி எரிகிற அடுப்பின்மேல் போனை வைத்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கினான். இந்தப் பாதியை மந்திரி அறையவில்லை. அறைந்தால் யார் நின்று கேட்பார்கள்?

நேற்றுவரை போனைக் கன்னத்தோடு ஒட்டிக் கொஞ்சியவர்கள், இப்போது அதைத் துரட்டிக் கம்பின் நுனியில் கட்டி, தெருவின் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு கத்திப் பேசினார்கள். சிலர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். ஒரு வீட்டில் போனைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டார்கள். அது அணைந்துபோனதும், "பார்த்தாயா, கெட்ட போன்தான். முரசு பொய் சொல்லுமா?" என்றார்கள்.

மகாராஜா கெம்பீரவர்மரும் சும்மா இருக்கவில்லை. "பொழுது சாய்வதற்குள் எல்லாப் போன்களையும் தெப்பக்குளத்தில் போட வேண்டும்!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

விகடகவி இருளப்பன் அரண்மனைக்குப் புறப்படும்போது வாசலில் பரிசல்கார மாங்கனி நின்றாள். கையில் நீளமான கம்பு. நுனியில் போன் தொங்கியது.

"சாமி, காதுல கிடந்த தோட்டை வித்து இதை வாங்கினேன். அக்கரையில ஆள் வந்து நின்னா கூப்பிடுவாங்க, போய் ஏத்திட்டு வருவேன். இப்ப என் பரிசல்ல ஏறவே பயப்படுறாங்க. ராசா குளத்துல வேற போடச் சொல்லிட்டாரு. நான் எப்படிப் பொழைக்கிறது?"

"உன் போன் வெடித்ததா?"

"இல்லீங்க."

"சூடாவது ஆனதா?"

"தொட்டுப் பாக்கவே பயமா இருக்குங்க. முரசே சொல்லிருச்சே!"

வாங்கியவள் அவள், இத்தனை நாள் கையில் வைத்துப் பேசியவளும் அவள்தான். ஆனாலும் தன் கையைவிட முரசுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நம்புகிறாள். இருளப்பனுக்குப் பரிதாபமும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"கொஞ்சம் பொறு. குளத்துப் பக்கம் போய்விடாதே" என்று சொல்லிவிட்டு நேரே மகாராஜாவின் அறைக்குப் போனான்.

அங்கே மகாராஜா, பறிமுதலான போன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று எடுத்து, அதில் பலூன் உடைக்கும் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தார். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மூக்கில் ஒரு ஈ.

"மகாராஜா!"

பதில் இல்லை.

"மகாராஜா, அரண்மனை தீப்பிடித்துவிட்டது!"

அதற்கும் பதில் இல்லை. இருளப்பன் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தாண்டவராயரிடம் போனான்.

"மந்திரியாரே, யாரிடமும் சொல்லாதீர்கள். மகாராஜா அந்தப் போனைக் கையில் எடுத்தார். அப்புறம் கூப்பிட்டால் பேச்சில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. கண் நிலைகுத்தி நிற்கிறது. மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டவில்லை."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நான்கு எட்டு வைத்துப் போய்ப் பார்த்திருந்தால் மந்திரிக்கே விஷயம் தெரிந்திருக்கும். அவருக்கு ஏது நேரம்? 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற சொல் காதில் விழுந்ததுமே முரசுக்கு ஓடிவிட்டார்.

"மகாராஜா காலமானார்! போன் கொன்றுவிட்டது!"

ஊரே திரண்டது. ஒப்பாரி வானைப் பிளந்தது. சங்கு வந்தது, பாடையும் தயாரானது. சத்தத்தில் ஆட்டம் தோற்ற ஆத்திரத்தோடு மகாராஜா வெளியே வந்தார்.

"யாரடா செத்தது?"

"தாங்கள்தான் மகாராஜா" என்று சேனாதிபதி விம்மினார்.

"உளறாதே! இதோ நிற்கிறேனே!"

மாங்கனி மூக்கைச் சிந்தினாள். "எப்பேர்ப்பட்ட ராசா! செத்தும் எப்படி நிமிந்து நிக்கிறாரு பாருங்க!"

"ஐயோ, தாண்டவராயா! உடனே மாற்றி அறை!"

"மரபு இடம் தராதே மகாராஜா" என்று மந்திரி கையைப் பிசைந்தார். "மரபை மாற்ற வேண்டுமென்றால், உயிரோடிருக்கிற மகாராஜா அல்லவா சொல்ல வேண்டும்?"

நான்கு பேர் வந்து, பாடையில் ஏற்றுவதற்காக மகாராஜாவின் கையையும் காலையும் பணிவாகப் பிடித்தார்கள். அவர் திமிறிக்கொண்டே கத்தினார்.

"இருளப்பா! நீயாவது சொல்லப்பா!"

இருளப்பன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"முரசு சொல்வது மெய்யென்றால் மகாராஜா இல்லை. செத்தவர் போட்ட உத்தரவும் செத்துப்போனது. போனைக் குளத்தில் போட வேண்டியதில்லை. இல்லை, மகாராஜா உயிரோடுதான் இருக்கிறார் என்றால், முரசு விசாரிக்காமல் வாய்க்கு வந்ததை அறைகிறது. அது சொன்னதற்காக அப்பாவிகளின் போனைக் குளத்தில் போடுவது நியாயமில்லை. செத்துவிட்டீர்களா, இருக்கிறீர்களா? தங்கள் விருப்பம் மகாராஜா."

மாங்கனி கம்பை மெல்ல இழுத்தாள். ஒரு விரலால் போனைத் தொட்டாள். அப்புறம் கையிலேயே எடுத்துவிட்டாள்.

"அட, சுடவே இல்லீங்க! சில்லுனு இருக்கு!"

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி இருளப்பன் கழுத்தில் போட்டார்.

"சரியப்பா, நான் உயிரோடேயே இருந்துகொள்கிறேன். அவரவர் போனை அவரவர் வைத்துக்கொள்ளட்டும்" என்றவர், பாடையைப் பார்த்தார். "இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியிருக்கிறீர்கள், வீணாகக் கூடாது. அந்த முரசைத் தூக்கி இதில் ஏற்றுங்கள்!"