ஒரே மஞ்சள்

தில்லைநாயகம் கோத்தகிரிக்கு ஏறி வந்தது ஞானம் தேடித்தான். அறுபத்தாறு வயது. ஆசிரமத்துக் குரு மங்கையர்க்கரசி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர்.

"தலைமையாசிரியராக இருந்தவரா? நம் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். ஞானம் வந்ததோ இல்லையோ, வாத்தியார் வேலை விடாமல் மலை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது.

பங்குனியில் ஒருநாள் தில்லைநாயகம் ஏழு டி.சி.யை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"ஒன்பதாம் வகுப்பில் இந்த ஏழும் தேறாத கேஸ். இப்போதே அனுப்பிவிட்டால் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் அம்மா."

"பிள்ளைகள் எங்கே போவார்கள்?"

"தேயிலை பறிக்கப் போவார்கள். பள்ளியின் பேர் கெடாமல் இருக்க வேண்டாமா?"

அம்மா தாள்களை எடுத்து வைத்துக்கொண்டார். "அதற்கேன் முகம் இப்படிக் கடுகடுவென்று இருக்கிறது?"

"அதை ஏன் கேட்கிறீர்கள்!" தில்லைநாயகம் பொரிந்து தள்ளினார். "ஆடியில் விதைத்த வால்ஃபிளவர் பூச்செடி. மழையிலும் பனியிலும் எட்டு மாதம் காத்தேன். விதைப் பாக்கெட் படத்தில் கருஞ்சிவப்பு, ஊதா, செங்கல் நிறம் என்று ஆறு நிறம். பூத்ததோ ஒரே மஞ்சள். கடைக்காரன் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்!"

இருவரும் போய்ப் பார்த்தார்கள். பாத்தி முழுக்க மஞ்சள். வாசனை ஆளைத் தூக்கியது. குறையென்று சொல்ல அந்த ஒரே நிறம்தான்.

"எத்தனை நாற்று வந்தது ஐயா?"

"நூறுக்கு மேல்."

"நட்டது?"

"நாற்பது. திமுதிமுவென்று வளர்ந்ததை மட்டும் பார்த்துப் பொறுக்கி நட்டேன். நோஞ்சானையெல்லாம் குப்பைக்குழியில் போட்டேன்."

அம்மா குனிந்து ஒரு பூவை முகர்ந்தார்.

"கடைக்காரனைத் திட்டாதீர்கள். கலப்பு விதையில் மஞ்சள்தான் முந்திக்கொண்டு வளரும். மற்ற நிறமெல்லாம் நாற்றில் நோஞ்சானாகத்தான் நிற்கும்."

தில்லைநாயகம் குப்பைக்குழிப் பக்கம் திரும்பினார். அங்கே இனி என்ன இருக்கப்போகிறது?

"பாவி, என் கையாலேயே பிடுங்கிப் போட்டேனே அம்மா."

"போகட்டும் விடுங்கள். பூச்செடிதானே, ஆடியில் மறுபடி விதைத்துக்கொள்ளலாம்."

அம்மா ஏழு தாள்களையும் அவர் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்."